எங்களைப் பற்றி

"வயிறு வலிக்குதுப்பா" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கதவருகே நின்ற பெரியவர் பல்லைக் கடித்தார். வலிக்கும் வயிற்றுக்குச் சொந்தக்காரன் பள்ளிக்கூடப் பையன் அல்ல. முப்பத்தெட்டு வயதும் தொப்பையும் மீசையும், திரைச்சீலைக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியும் உள்ள அவருடைய மூத்த மகன். கல்லூரியில் வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் ஆறு வார வகுப்புக்கு, போன சனிக்கிழமைதான் முதல் தடவையாகப் போனான். மத்தியானமே திரும்பிவந்து, "எல்லாம் சின்னப் பசங்கப்பா. அந்த டீச்சரம்மா என்னென்னவோ குறியா போட்டுக்கிட்டே போறாங்க" என்றான். இந்தச் சனிக்கிழமை வயிறு.

"எதிர்க்கடைக்காரன் வெப்சைட் போட்டு ஆறு மாசமாச்சு. என் பையன் படிக்கிறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீ இப்படிப் படுத்துக்கிட்டா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

போர்வை இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொண்டது. பெரியவரின் பார்வை அறையைச் சுற்றிவந்து, மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் மேல் நின்றது.

"நீ போ. அவன் இடத்துல உட்காந்து, அவங்க சொல்றத அப்படியே எழுதிட்டு வா. உனக்குப் புரியணும்னு ஒண்ணுமில்ல. அவன் பாத்துப் புரிஞ்சுக்குவான்."

"அப்ப மத்தியானச் சாப்பாடு?" என்றாள் மாமியார் சமையலறையிலிருந்து.

"சமைச்சு வச்சுட்டுப் போவா" என்றது போர்வை. எந்த வலியிலும் அவனுக்கு அந்த ஞாபகம் மட்டும் தெளிவாக இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். "படிப்புக்கென்ன, அப்புறம் முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. வந்தது கடையின் பின்னறை, நீள மேசை, கத்தரிக்கோல். அளவு எடுப்பது, துணி வெட்டுவது, விளிம்பு மடித்துத் தைப்பது எல்லாம் அவள். தைத்து முடிந்ததை வாடிக்கையாளர் முன் விரித்துக் காட்டுவது மூத்தவன். விரிப்பதில் அவனுக்கு நல்ல பேர்.

அன்று அவசரமாகவும், அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கே எழுந்தும் சமைத்து மூடிவைத்துவிட்டு, அவள் கல்லூரிக் கணினி அறையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டு வரத்தான் உத்தரவு. ஆனால் காதில் விழுவது மூளைக்குள்ளும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? மூன்றாவது வாரம் ஆசிரியை மார்ஜின், பேடிங் என்று பக்கத்தில் இடம் விடுவதற்கான இரண்டு வார்த்தைகளைச் சொல்லி வித்தியாசம் கேட்டபோது, சின்னப் பசங்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

"பேடிங்னா மடிப்புக்காக உள்ள விடற துணி மேடம். மார்ஜின்னா திரைக்கும் சுவருக்கும் நடுவுல வெளிய விடற இடம்" என்றாள் மருமகள்.

ஆசிரியை ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அதையே பலகையில் எழுதிப்போட்டாள்.

நான்காவது வாரம் ஒரு படம் வராமல் கழுத்தறுத்தது. எல்லா வரியும் சரி, படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் உடைந்த சதுரம். ஒரு மணி நேரம் எழுத்தெழுத்தாகப் பார்த்து, கோப்பின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து பெரிதாகவும் இவள் எழுதியதில் சிறிதாகவும் இருப்பதைக் கண்டுபிடித்தாள். திருத்தியதும் நீலத் திரைச்சீலை ஒன்று திரை முழுக்க விரிந்தது. அவள் வெட்டிய துணியை அவளே விரித்துப் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் நோட்டுப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. "நீயே எல்லாத்தையும் போட்டுடு. கடைசியில நான் ஒரு பார்வை பாத்துடறேன்" என்றான் மூத்தவன்.

'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் பெரியவர் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். "நானும் என் இரு மகன்களும் ஒவ்வொரு திரைச்சீலையையும் எங்கள் கைகளாலேயே உருவாக்குகிறோம்." இளைய மகன் வேறொரு ஊரில் காப்பீடு விற்கிறான். கத்தரிக்கோலை அவன் கடைசியாகப் பிடித்தது மீசை ஒதுக்க. எல்லாவற்றுக்கும் கீழே, 'வடிவமைப்பு' என்ற இடத்தில் மூத்தவன் தன் பெயரைப் போடச் சொன்னான். போட்டாள். சான்றிதழும் பதிவேட்டில் இருந்த பெயருக்கே வந்தது, அதாவது அவனுக்கு. கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார்கள். "ஆறே வாரம்! ஒரு நாள்கூட லீவு போடல" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெரியவர் சொன்னார்.

வெப்சைட் வழியாக ஆர்டர்கள் வந்தன. புகழும் வந்தது. புகழோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரிகள் சங்கச் செயலாளரும் வந்தார்.

"தம்பி, நம்ம சங்கத்துக்கும் ஒண்ணு போடணும். உறுப்பினரா சேர்றவங்க அதுலயே எழுதி அனுப்பற மாதிரி. அது எப்படின்னு கொஞ்சம் காட்டுங்க."

மூத்தவன் கணினியைப் பார்த்தான். கணினி அவனைப் பார்த்தது. "அது வந்துங்க... ரொம்ப உள்விவகாரம்..." என்று இழுத்து, சமையலறைப் பக்கம் திரும்பி, "டீ கொண்டு வா!" என்று கத்தினான்.

டீ வந்தது. விருந்தாளி முன் மருமகள் உட்காருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் தட்டைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னென்ன விவரம் வேணும்ணே? பேரு, கடை, போன் நம்பர். வேற?"

கால் மணி நேரத்தில் படிவம் தயாராகிவிட்டது. பெரியவர் எதிர்ச் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவன் தட்டோடு நின்றான்.

"அடேயப்பா! உங்க வீட்டுக்காரர் உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காரே!" என்றார் செயலாளர்.

"இல்லண்ணே. காலேஜுக்குப் போய்ப் படிச்சதே நான்தான்."

செயலாளர் அவளையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து மூத்தவனைத் தட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டிய காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வச்சிருக்கீங்க! எத்தன பேருக்கு தம்பி இந்த மனசு வரும்?"

மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் என்று அவள் நினைத்தாள். இல்லை, அடக்கம். "ஏதோ... நம்மளால முடிஞ்சதுங்க" என்றான்.

"வர்ற சனிக்கிழமை சங்கத்துல நீங்கதான் பேசறீங்க. பெண்கள் முன்னேற்றம்."

செயலாளர் போனதும் மூத்தவன் காகிதமும் பேனாவுமாக அவளிடம் வந்தான்.

"அஞ்சு நிமிஷம் பேசற மாதிரி எழுதிக் குடேன். அப்புறம், அன்னிக்கு நீ மேடையில என் பக்கத்துல உட்காரணும். அப்பதான் எடுப்பா இருக்கும்."

"சனிக்கிழமை எனக்கு முடியாது" என்றாள். "அடுத்த வகுப்பு ஆரம்பிக்குது. சேந்துட்டேன்."

"யாரக் கேட்டு?"

"என் பேரக் கேட்டாங்க. குடுத்தேன்."

அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் வாயைத் திறந்தார். பெண்கள் முன்னேற்றம் பேசப்போகிறவன் வீட்டில் இதற்குச் சண்டை போட்டால் செயலாளர் காதுக்குப் போகுமே என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை மூத்தவன் எழுதிக் கொடுக்க ஆளில்லாமலே இருபது நிமிஷம் பேசினான். ஒரு பெண்ணை முன்னேற்ற ஓர் ஆண் எவ்வளவு தியாகம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வந்திருந்த நூற்றுச் சொச்சம் ஆண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தச் சத்தம் கல்லூரி வரைக்கும் கேட்கவில்லை. அங்கே அவள் முதல் வரிசையில், கையைத் தூக்கி, அன்றைய இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.