பிரகதாம்பாள் பார்த்த பேய்ப்படம்

மேட்னிக்குப் போகலாம் என்று அம்சவல்லியை இழுத்தது பிரகதாம்பாள்தான். திருவாரூர்க் கொட்டகையில் இங்கிலீஷ் பேய்ப்படம். இருவரும் பி.யூ.சி. ஒரே வகுப்பு, குடவாசல் பக்கம் ஒரே ஊர். பிரகதாம்பாள் பண்ணையார் துரைராசுவின் மகள். அம்சவல்லி அந்தப் பண்ணையில் நடவு நட்டவளின் மகள்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முகத்தில் பரு, அம்மாவோடு சண்டை, பள்ளிக்கூடத்துப் பையன்மேல் ஆசை. அவள் வளர வளர அலமாரிக்குள் ஒரு பேயும் வளர்ந்தது. கதவு தானாகத் திறந்தபோது கொட்டகையே அலறியது. பிரகதாம்பாள் அம்சவல்லியின் கையைப் பிறாண்டிவிட்டாள்.

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. தனி அறை, கட்டில், மெத்தை, உள்தாழ்ப்பாள். இவளுக்கென்ன பயம்? எங்கள் குடிசைக்குக் கதவாகத் தொங்குவது சாக்கு. பேய் வந்தால் எதைத் திறந்து மூடும்?

அவள் சமைந்து ஓலை மறைப்பில் உட்கார்ந்திருந்த அறுவடையில்தான் ஊரில் கூலிச் சண்டை. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கி, அப்பா மருதையனைக் களத்தில் போட்டு மிதித்தார்கள். துரைராசு குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். மறைப்பின் கீற்றிடுக்கில் அவளும் பார்த்தாள். அதற்குப் பின்னணி இசை எதுவும் இல்லை.

பஸ் விட்டு இறங்கியதும் பிரகதாம்பாள் கெஞ்சினாள். "வீட்டு வாசவரைக்கும் வாடி அம்சா. தனியாப் போவ பயமா இருக்கு."

இன்னும் இருட்டக்கூட இல்லை. அம்சவல்லி சிரித்துக்கொண்டே போனாள்.

வாசலில் சாய்வு நாற்காலி. கட்சிக்கரைத் துண்டோடு துரைராசு. போன வாரம்தான் மேடையேறிச் சமத்துவம் முழங்கிவிட்டு வந்திருந்தார். படியில் கால் வைத்தவளைப் பார்த்து மகளிடம் கேட்டார்.

"யாரும்மா அது, மருதையன் மவளா? கொல்லப்பக்கமா வரச் சொல்லு. ஏதாச்சும் திங்கக் குடுத்தனுப்பு."

அம்சவல்லி பிரகதாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். பிரகதாம்பாள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிரகதா, கொட்டாயில அந்தக் கத்து கத்துன? இங்க தொண்ட அடைச்சுப் போச்சா?"

"என்ன திமிருடி ஒனக்கு!" துரைராசு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கொல்லப்பக்கம் எங்கம்மா வந்தது போதுங்க. நான் வாசலோடயே போயிக்கிறேன்." அவசரப்படாமல் படியிறங்கி, பெரிய தெருவின் நட்டநடுவில் நடந்தாள். பயத்தை அந்த ஆளுக்குக் காட்டுவாளா?

மறுநாள் வகுப்பில் பிரகதாம்பாளைச் சுற்றிக் கூட்டம். கதையைக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் அசையவே இல்ல. அம்சாதான் பயந்து கண்ண மூடிக்கிட்டா."

"கத அங்கயே முடியலயே," என்றாள் அம்சவல்லி. "பஸ்ஸு எறங்குனப்பறம் என்ன ஆச்சுன்னு சொல்லேன்."

பிரகதாம்பாளுக்கு முகம் வெளுத்தது. "போடி, எல்லாத்துக்கும் சண்டை," என்று முனகினாள்.

அவள் சொல்லவில்லை. ஆகவே அம்சவல்லி சொன்னாள். துரைராசுவின் குரலிலேயே, துண்டை உதறுவதுபோல் தாவணியை உதறிச் சொன்னாள். முதலில் ஒருத்தி வாயைப் பொத்தினாள், பிறகு வகுப்பே சிரித்தது. பிரகதாம்பாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று அம்சவல்லிக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.