மன்னிப்புக் கேட்ட கிராவன்

ஆபத்து மணி காதைப் பிளந்தது. விண்கலத்தின் சுவர்களில் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. க்ளைவ் பெட்டிஃபர் நாற்காலியிலிருந்து துள்ளி, கையிலிருந்த தேநீரைத் தன்னிடம் இருந்த ஒரே நல்ல கால்சட்டையின் மேல் கொட்டிக்கொண்டார்.

"விண்கலம் வெடிக்கப் போகுதுன்னு இவ்வளவு பயமாடா உனக்கு?" பக்கத்து நாற்காலியில் இருந்த டெஸ்மண்ட் ரடாக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கவலப்படாதே. போன தடவையே அது வெடிக்கல."

போன தடவை என்றால் முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால். 1966 இலையுதிர்காலத்தில், ஆறு சனிக்கிழமை மாலைகளில் நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்த 'ஒன்பதாம் நிலவு' தொடர்தான் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை. நிலவுக்கு அடியில் வசிக்கும் கிராவன் என்னும் கொம்பு முளைத்த பூதங்கள் மனிதர்களை விரட்டும் கதை. இப்போது அது குறுந்தகடாக வெளிவர இருந்தது. படம் ஓட ஓட அதில் பங்கெடுத்தவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, தகட்டில் கூடவே சேர்ப்பது வழக்கம். கதாநாயகன் காலமாகிவிட்டார். இயக்குநரும் இல்லை. கதாநாயகி ஸ்பெயினில் இருந்துகொண்டு, "அந்தக் கண்றாவியைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஆகவே மேற்கு லண்டனின் இந்த நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், ரப்பர் உடைக்குள் நின்ற இரண்டு கிராவன்கள்.

டெஸ்மண்ட் அதற்குப் பிறகும் நடித்தார். போலீஸ்காரர், ஓட்டல் பணியாளர், நாலு முறை பிணம். அவர் பெயர் திரையில் ஏழெட்டுத் தடவை வந்திருக்கிறது. க்ளைவ் அடுத்த வருடமே நடிப்பை விட்டுவிட்டு, க்ராய்டனில் முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அவர் பெயர் எந்தத் திரையிலும் எந்த அட்டையிலும் வந்ததில்லை. 'எங்க வீட்டுக்காரர் டிவியில நடிச்சவர்' என்று அவர் மனைவி ஹேசல் சொல்லும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மிஸஸ் த்ரப், 'அப்படியா!' என்று ஒரு மாதிரி இழுப்பாள். அந்த இழுப்பை ஹேசலால் பொறுக்க முடியாது. அதற்காகவே இன்று அவளும் கூட வந்து, மூலையில் முட்டை சாண்ட்விச் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

தகட்டின் தயாரிப்பாளர் ரோசலிண்ட் கீச் படத்தை நிறுத்தினாள். நாற்பது வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது மறுஒளிபரப்பில் கிராவன்களைப் பார்த்து மூன்று நாள் தூங்காதவள்.

"மூணாவது பாகத்துல ஒரு புதையல் கெடச்சிருக்கு," என்றாள். "பழைய இரைச்சலை எல்லாம் துடைச்சோமா, அடியில ஒரு குரல் இருந்துது. கேளுங்க."

திரையில் இரண்டு கிராவன்கள் குறுகலான நடைபாதையில் உறுமிக்கொண்டு வந்தன. இடது கொம்பு வளைந்திருந்த கிராவன் மற்றதன் மேல் முழுப் பலத்தோடு மோதியது. ரப்பரில் ரப்பர் உரசும் சத்தம். அதன் பிறகு, உள்ளுக்குள்ளிருந்து, மிகவும் மரியாதையாக:

"சாரி."

ஹேசல் சாண்ட்விச்சை வாயிலிருந்து எடுத்தாள். டெஸ்மண்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பிரபஞ்சத்தையே அழிக்க வந்தவன் மன்னிப்புக் கேக்கறான்!"

"ரசிகர்கள் இதுக்காகவே தகட்டை வாங்குவாங்க," என்றாள் ரோசலிண்ட். "அப்போ மறுபடி ஏன் எடுக்கல?"

"பத்து மணி அடிச்சா விளக்கை அணைச்சிடுவாங்கம்மா," என்றார் டெஸ்மண்ட். "தொப்பி விழுந்தாலும் செட்டு சாஞ்சாலும் ஓடிக்கிட்டே இருக்கணும். அதுலயும் நாங்க வாயே தொறக்கக் கூடாது. துணை நடிகன் ஒரு வார்த்தை பேசினா அவன் நடிகன் ஆயிடுவான், அந்தச் சம்பளத்தைக் கொடுன்னு நடிகர் சங்கம் சண்டைக்கு வந்துடும்."

"அதுதான் விஷயம்." ரோசலிண்ட் ஒரு தாளை எடுத்தாள். "பேசாதவங்க பேரைப் போட நிறுவனம் ஒத்துக்க மாட்டேங்குது. பேசினவர் பேரைப் போடலாம். 'கிராவனின் குரல்'னு நடிகர் பட்டியல்ல வரும். நாளைக்கு அச்சுக்குப் போகுது. அந்த வளைஞ்ச கொம்பு யாரு?"

"நான்," என்றார் க்ளைவ்.

"அப்ப இடிச்சது நீங்க. சாரி சொன்னதும் நீங்கதானே மிஸ்டர் பெட்டிஃபர்?"

க்ளைவ் டெஸ்மண்டைப் பார்த்தார். டெஸ்மண்ட் கையை விரித்தார். "எனக்கு அன்னிக்கு ராத்திரி என்ன குடிச்சேன்னுதான் ஞாபகம் இருக்கு."

ஹேசல் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். க்ளைவுக்கு அந்த இரவு நேற்றுப் போல நினைவிருந்தது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"ஆமா. நான்தான்."

ரோசலிண்ட் தாளில் எழுதினாள். க்ளைவ் தலைகீழாகவே தன் பெயரைப் படித்தார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

"அடேய், நடிகா!" டெஸ்மண்ட் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "க்ராய்டன்ல உன்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்க எல்லாம் இதைப் பாக்கணும். வாத்தியாரே இடிச்சிருக்காரு!"

அவர் முகத்தில் பொறாமையின் நிழல்கூட இல்லை. அதுதான் க்ளைவை என்னவோ செய்தது.

"சரி, இப்போ அதை உங்க வாயால சொல்லுங்க," என்றாள் ரோசலிண்ட். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். பச்சை விளக்கு எரிந்தது. படம் மறுபடி ஓடியது.

"இதோ வர்றது நான்," என்று தொடங்கினார் க்ளைவ். "அந்த உடைக்குள்ள சூடுன்னா சூடு, வேர்வை பூட்ஸுக்குள்ள போய் தேங்கும்..."

"நடந்தா சளக் சளக்னு கேக்கும்," என்று டெஸ்மண்ட் எடுத்துக் கொடுத்தார். "சொல்லு, சொல்லு. அந்த சாரியைச் சொல்லு."

திரையில் மோதல் வந்தது. 'சாரி' வந்தது. இடிபட்ட கிராவன் தன் பெரிய தலையை லேசாகச் சாய்த்து, சுவரோடு ஒண்டி வழிவிட்டது. பஸ்ஸில் ஏறும்போது டெஸ்மண்ட் எல்லோருக்கும் வழிவிடுவது அப்படியேதான்.

"நிறுத்துங்க," என்றார் க்ளைவ். "அது நான் இல்ல."

பச்சை விளக்கு அணையவில்லை. ஒலிப்பதிவுக்காரருக்கும் கதை கேட்கும் ஆசை.

"இடிச்சது நான். சாரி சொன்னது டெஸ்மண்ட்."

ரோசலிண்ட் நெற்றியைச் சுருக்கினாள். "இடி வாங்கினவரா சாரி சொன்னாரு?"

கேட்ட மறுகணமே அவளுக்கே அது ஒரு கேள்வியாகப் படவில்லை. அந்த அறையில் யாருக்கும் படவில்லை.

"போன வாரம் கடையில ஒருத்தன் தள்ளுவண்டியால என் காலை நசுக்கினான்," என்றாள் ஹேசல் மெதுவாக. "நான்தான் சாரி சொன்னேன்."

"காலையில நான் ஒரு கதவுகிட்டயே சொன்னேன்," என்று ஒப்புக்கொண்டாள் ரோசலிண்ட்.

தாளில் பெட்டிஃபரை அடித்துவிட்டு ரடாக் என்று எழுதினாள். க்ளைவ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயதில், அவர் பெயர் சரியாக ஆறு நிமிடம் பட்டியலில் இருந்திருக்கிறது.

"மன்னிச்சுக்கோ ஹேசல்," என்றார். "மிஸஸ் த்ரப்கிட்ட சொல்லியாச்சா?"

"நேத்தே சொல்லிட்டேன்." ஹேசல் டப்பாவை மூடினாள். பிறகு திறந்து, கடைசி சாண்ட்விச்சை அவர் கையில் வைத்தாள். "அவ கெடக்கறா. நீ சாப்பிடு."

ரோசலிண்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரும் உங்களுக்குச் சொல்லலையா? பேச வந்தவங்க பேரெல்லாம் பின்னட்டையில போடுவோம். ஆறு பாகத்துக்கும் நீங்கதானே பேசறீங்க! 'படத்தோடு உரையாடுபவர்கள்: க்ளைவ் பெட்டிஃபர், டெஸ்மண்ட் ரடாக்.' அகர வரிசையில உங்க பேருதான் முதல்ல."

"பின்னட்டையிலயா?" ஹேசல் எழுந்தே விட்டாள். "கடையில எல்லாரும் திருப்பிப் பாப்பாங்களே! எத்தனை வாங்கலாம்? ரெண்டு? அவளுக்கு ஒண்ணு என் கையாலேயே கொடுக்கணும்."

"என் பேரு ரெண்டு எடத்துல வருது, இவன் பேரு ஒரு எடத்துல," என்றார் டெஸ்மண்ட். "அதைச் சத்தமா சொல்லிடாதீங்க, அழுதுடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். க்ளைவ் மட்டும் சாண்ட்விச்சைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது. இன்னொன்று, அதைவிடப் பழையது, அங்கேயே இருந்தது.

டெஸ்மண்ட் அதைக் கவனித்துவிட்டார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

"இன்னும் என்னடா? ரெண்டு பேரும் குருட்டாட்டம் நடந்தோம். அந்த ரப்பர் தலைக்குள்ள யாருக்கு என்ன தெரிஞ்சுது? தெரியாமத்தானே இடிச்ச."

க்ளைவ் திரையில் உறைந்து நின்ற கிராவன்களைப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாவே தெரிஞ்சுது, டெஸ்மண்ட். கேமரா உன் முன்னாடி நின்னுது, அதான் இடிச்சேன்."