பவுனம்மாளின் பஞ்சுப் பொதிகள்

அந்த வருஷம் பவுனம்மாளுக்கும் அவள் புருஷன் தருமனுக்கும் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே விளையும் பஞ்சையெல்லாம், அங்கிருந்த ஒல்லாந்து வெள்ளைக்காரர் கோட்டைக்குத் துணி சேர்க்கும் தரகர் வீரராகவன்தான் எடுப்பார். அவர் வந்து பொதிக்குள் கையை விட்டார். "ஈரமா இருக்குது. காயட்டும், அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சில் ஈரமே இல்லை. கோடை மழையில் நனைந்துவிட்டால் தான் சொல்லும் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று அவர் காத்திருப்பது பவுனம்மாளுக்குப் புரிந்தது.

"பொதிய வண்டியில ஏத்து. ஏரியைத் தாண்டி நாமே தறிக்காரங்க கிட்ட குடுத்துட்டு வரலாம்" என்றாள்.

"தரகர் கோச்சிக்கினா இன்னா பண்றது?" என்றான் தருமன்.

"கோச்சிக்கட்டும். நனையப் போறது நம்ம பஞ்சுதானே?"

கரையில் கோட்டைக்குப்பத்து மீனவன் சிங்காரம் படகோடு நின்றிருந்தான். தரகருக்குத் தெரியாமல் பொதிகளை அக்கரை சேர்க்க வேண்டும் என்றதும் தயங்கினான். அவன் மனைவி ஜெயம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இற்றுப்போன வலையைப் பழைய நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புது நூல் கிடைக்கலையா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"எல்லா நூலும் தறிக்கே போயிடுதுக்கா. வலைக்குன்னு கேட்டா யாரு குடுக்கறாங்க?"

பவுனம்மாள் ஒரு பொதியை இறக்கி அவள் முன்னால் வைத்தாள். "இது உங்க குப்பத்துக்கு. திரும்பறப்போ எடுத்துக்கினு போயி எங்க ஊர் பொம்பளைங்க பிரிச்சு நூத்துக் குடுப்போம், நீங்க முறுக்கிக்கோங்க. மத்ததை அக்கரையில சேர்த்துடுங்க."

ஜெயம்மா புருஷனைப் பார்த்தாள். "இன்னும் இன்னா யோசனை? தரகரா வந்து நம்ம வலைய பின்னப் போறாரு?"

மற்றப் பொதிகளோடு பவுனம்மாளும் தருமனும் ஏறிக்கொள்ள, சிங்காரம் சிரித்தபடி படகைத் தள்ளினான். பாதி ஏரியில் மேகம் கறுத்தது. படகின் பாய்த்துணியை இறக்கிப் பொதிகள்மேல் போர்த்திவிட்டு, ஆண்கள் இருவரும் கழி ஊன்றித் தள்ளினார்கள். மழையில் மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள், பஞ்சு நனையவில்லை.

அக்கரையில் நெசவாளர் துளசிங்கம் ஒரு கொத்தைப் பிய்த்து இழுத்துப் பார்த்தார். "போன வருஷம் எங்களுக்கு வந்ததுல பாதி மக்கின பஞ்சு. இது எந்த ஊரு?" என்று கேட்டு, தன் வீட்டார் நூற்க எல்லாவற்றையும் விலைக்கு எடுத்துக்கொண்டார்.

மழை விட்டபின் தரகர் வந்தார். வீட்டில் ஒரு பொதியும் இல்லை. "என்னைக் கேக்காம யாருக்குக் குடுத்தே?" என்று கத்தினார்.

பவுனம்மாள் அடுத்த விதைப்புக்குப் பருத்திக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வெள்ளாமைக்கு வாங்க. பஞ்சு எடுத்த அன்னிக்கே பார்த்து எடுத்துக்கினா உங்களுக்கும் உண்டு" என்றாள்.