முன்னால் வந்த எடை

மனைவி வருவதற்கு முன்னாலேயே அவளுடைய எடை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வந்து சேரத் தொடங்கியது. அன்று மதியம்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. வெளிநாட்டில் ஒரு பார்சல் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்துவந்த கணவன் சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்கு ஃபோன் செய்தான். வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, துணி காய வெயில் வருமா என்று அவள் கேட்டாள். மேற்கே பார்த்திருக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் வரும் என்றான். "அப்ப துவைக்கிறத மத்தியானத்துக்கு வச்சுக்கலாம்" என்றாள். பிறகு அவன் மேனேஜரின் அறைக்குப் போய், தனக்கு நிலையான வேலை இருக்கிறது, மனைவியை வைத்துக் காப்பாற்றும் அளவுக்குச் சம்பளம் வருகிறது என்று சொல்லும் கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். கடிதத்தை மேசைமேல் வைத்ததும், எதிரே இருந்த காலி நாற்காலி யாரோ மெல்ல உட்கார்ந்ததுபோல் முனகியது. அதன் மெத்தை ஒரு விரல் அளவு அமுங்கியது. நாள் முழுக்க நின்ற கால்கள் வலித்ததால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியை அழைத்துக்கொள்ள விசா கேட்பவன், வேலை இருக்கிறது என்றும் இடம் இருக்கிறது என்றும் நிரூபித்தால் போதும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் காகிதங்கள் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு வருவதற்குள் வாடகை ஒப்பந்தம் பழையதாகிவிடும்; ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்குள் வேலைக் கடிதம் காலாவதியாகிவிடும். கிடங்கில் பார்சல்கள் தொலைவதைத் தினமும் பார்ப்பவன் என்பதால், கைவசம் இருக்கட்டும் என்று அவன் ஒவ்வொன்றையும் இரட்டைப் பிரதியாக வாங்கி முத்திரை போட்டு வைத்தான். மனைவியும் இங்கே குடியிருக்கலாம் என்ற சம்மதக் கடிதத்தில் வாடகை வீட்டுக்காரம்மா கையெழுத்திட்ட அன்று கட்டிலின் இடது பக்கம் பள்ளம் விழுந்தது. இரண்டாவது பிரதியில் கையெழுத்திட்டபோது பள்ளம் ஆழமானது.

அங்கே, தாய் வீட்டில் இருந்த மனைவிக்குப் படியிறங்குவது சிரமமாகிவிட்டது.

"ஏங்க, காலு தரையில சரியாப் படவே மாட்டேங்குது."

"சரியா சாப்பிடுறியா இல்லையா?"

"அம்மா மூணு வேளையும் திணிக்கிறாங்க. நேத்து ஆட்டோவுல ஏறுனேன், டிரைவர் திரும்பிப் பாத்து, இன்னும் ஏறலையாம்மாங்கறாரு."

அவன் கட்டிலின் பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். அவள் சிரித்தாள். "பரவால்ல, டிக்கெட் செலவு மிச்சம். ஆனா நான் வர்றதுக்குள்ள வேற எவளையும் அந்தப் பக்கம் படுக்க விட்டுறாதீங்க."

கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் படிக்கட்டில் அவனை நிறுத்தினாள். "தம்பி, நீங்க வேலைக்குப் போனப்புறம் மேல யாரு நடக்குறது?" என் மனைவிதான், ஆனால் அவள் இன்னும் வரவில்லை என்று அவன் சொன்னான். "அதான பாத்தேன். உங்க நடை மாதிரி தொப்பு தொப்புன்னு இல்ல. பாந்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு பேர் வாழ வீடு போதுமா என்று பார்க்க வந்த ஆய்வாளர், அளவு நாடாவை மடக்கிக்கொண்டே அந்த நாற்காலியில் உட்காரப் போனார். பாதியில் எழுந்து, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றபடி அறிக்கை எழுதினார். இரண்டு பேருக்குப் போதும் என்று எழுதினார். அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மருத்துவப் பரிசோதனையில்தான் சிக்கல் வந்தது. அவளை ஏற்றி நிறுத்திய எடைக் கருவி பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளையின் எடையைக் காட்டியது. நர்ஸ் கருவியைத் தட்டிப் பார்த்தாள். தானே ஏறி நின்று, தன் எடையைக் கண்டு முகம் சுளித்து இறங்கினாள். கருவியில் குறை இல்லை. விசா அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. விண்ணப்பதாரர் உடல் எடையைக் கூட்டிக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், வேலை, வீட்டு ஆவணங்கள் அதற்குள் பழையதாகிவிடும் என்பதால் அனைத்தையும் புதிதாக இணைக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது.

அவன் அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். புதிய கடிதம் தயாராகி மேசைமேல் இருந்தது. இந்த முறை முத்திரை விழுந்தால் மிச்சமிருப்பதும் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். "உங்க சம்சாரத்துக்கா, என் சம்சாரத்துக்காய்யா கேக்குறீங்க?" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். அன்று அவன் ஃபோனில் அவளிடம், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றான்.

"வந்து? கல்யாணக் கடன யாரு அடைக்கிறது?"

"எப்படியாவது பாத்துக்கலாம்மா."

"வாங்கிடுங்க. அங்க பாதி இங்க பாதின்னு எத்தன நாளைக்குத்தான் இருக்குறது? இங்க ஃபேன் போட்டா கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டுப் படுக்கிறேங்க. எனக்கே அலுத்துப்போச்சு."

கடிதத்தில் முத்திரை விழுந்தது. அன்று மாலை அவன் கதவைத் திறந்தபோது தரைப்பலகைகள் அறைக்கு அறை நிதானமாக முனகின, வீட்டைச் சுற்றிப் பார்ப்பவரின் நடையில். அதே வாரம் அங்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அது பலரையும் படுக்கவைத்த சாதாரணக் காய்ச்சல்தான். அவன் விடுப்புக் கேட்டான். வேலையில் இடைவெளி விழுந்தால் கடிதம் செல்லாது என்று மேனேஜர் நினைவூட்டினார். இந்த முறை எரிச்சல் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு. அப்படியும் அவன் டிக்கெட் எடுத்தான். விமானம் கிளம்புவதற்கு முன்பே மாமியாரின் ஃபோன் வந்தது. "மாப்பிள்ள, போயிட்டா" என்று மட்டும் சொன்னார். அவன் போய்ச் சேர்ந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்: "தூக்குறப்ப வெறும் போர்வையத் தூக்குன மாதிரி இருந்துச்சு மாப்பிள்ள. எம்புள்ளைய எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?" அது குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள் அத்தை என்று அவன் சொன்னதும், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தனியாவா விட்டுட்டு வந்தீங்க? சீக்கிரம் போங்க" என்றார்.

திரும்பி வந்ததும், ஒப்பந்தத்தை ஒருவர் என்று மாற்றித் தரும்படி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டான். அவள் மறுத்துவிட்டாள். "நீங்க ஊருக்குப் போன நாளெல்லாம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாங்க தம்பி. நான் பொய் எழுதித் தர முடியாது." விசா அலுவலகம் சில மாதங்கள் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடியது. அவன் வேலையை விடவில்லை. கடன் அடைந்தது. மெத்தையை இரண்டு முறை மாற்றினான். புதியதிலும் முதல் இரவே இடது பக்கம் பள்ளம் விழுந்தது. தூக்கத்தில் அவன் அந்தப் பக்கம் சரிவதும், சரிந்த இடத்தில் யாரும் இல்லாததும் முதல் சில வருடங்கள் பெரும் துன்பமாக இருந்தன. பிறகு அதுவும் பழகிவிட்டது.

கிடங்கில் பழைய எடை மேடையைக் கழித்துக் கட்டியபோது, அதை அவன் கேட்டு வாங்கி வந்து சமையலறை மூலையில் போட்டான். வருடத்துக்கு ஒருமுறை நாற்காலியை அதன்மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பான். சில வருடம் உடனே நடக்கும், சில வருடம் தேநீர் ஆறிப்போகும். ஆனால் எப்படியும் முள் நகரும். இத்தனை வருடங்களில் அவனுக்குத் தொந்தி விழுந்துவிட்டது, தலை நரைத்துவிட்டது, மாடியேறினால் மூச்சு வாங்குகிறது. நாற்காலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவள் இப்போதும் ஐம்பத்தொரு கிலோதான்.