பொறும் மைக்கல்

இரத்தினசிங்கம் அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் வாழும் தமிழர்களுக்குள் அமெரிக்காவைப் பற்றி அவரைப் போலக் கதைக்க ஆளில்லை. எந்த மாநிலத்தில் எந்தத் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் நிற்கிறது, எந்தச் சின்ன ஊரில் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், காப்புறுதி இல்லாதவனுக்குக் கால் முறிந்தால் என்ன நடக்கும் என்றெல்லாம் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வது போலச் சொல்வார். பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டு மேசைக்கு வந்தாலும் அவருடைய கதை அங்கேதான் போய் நிற்கும். சிலர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு மாறிவிடுவார்கள். அவர் அதைக் காணாதது போல இருந்துவிடுவார்.

டென்மார்க்குக்கு வந்த காலத்தில் அவர் இக்காஸ்டில் ஒரு பின்னலாடை ஆலையில் வேலை செய்தார். அந்த ஆலையைப் போலந்துக்குக் கொண்டுபோன பிறகு, சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, அங்கே நெடுங்காலம் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தார். ஓய்வு பெற்றதும் நூலகத்தில் ஓர் அறை கேட்டு வாங்கி, சனிக்கிழமைப் பின்னேரங்களில் அரசியல் வகுப்பு நடத்தத் தொடங்கினார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்தான் வருவார்கள். சிலர் வெயிலில்லாத நாட்களில் போக வேறிடம் இல்லாமலும் வந்தார்கள். ஓகூஸ் நகரில் இருக்கும் மகள் அபிதா ஒருமுறை வந்து, கைத்தொலைபேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போடும் விதத்தை டேனிஷில் விளக்கிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கனடாவிலும் லண்டனிலும் அவருக்குக் கொஞ்சப் பேர் கேட்பவர்களாகச் சேர்ந்தார்கள்.

டென்மார்க்கைச் சோசலிச நாடு என்று அமெரிக்காவில் யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. புகழ்ந்து சொன்னாலும் பொறுக்காது, ஏசிச் சொன்னாலும் பொறுக்காது.

"ஆஸ்பத்திரி இலவசம், பள்ளிக்கூடம் இலவசம், நல்ல விசயம். தொழிலாளியள் சண்டை பிடிச்சு வாங்கினது," என்பார். "ஆனா எங்கட ஆலையைப் போலந்துக்குக் கொண்டு போகேக்க எங்களிட்ட ஒருத்தரும் வோட்டுக் கேக்கேல்லை. ஆலை வாசலோட வோட்டு முடிஞ்சுது. வாசலுக்கு உள்ளுக்கும் வோட்டு இருந்தாத்தான் அது சோசலிசம்."

அவரை எதிர்த்துக் கதைப்பவர்களும் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப்பேர் அதே ஆலையில் நின்றவர்கள்.

வகுப்பு நடக்கும்போது அவருடைய பார்வை அடிக்கடி கதவடிக்குப் போகும். மணிக்கூடு பார்க்கிறார் என்று கேட்பவர்கள் நினைத்தார்கள். மணிக்கூடு இருந்தது எதிர்ச்சுவரில். கதவடியில் அவர் கண்டது மைக்கலை.

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஆலையில் இயந்திரங்கள் ஓடிய காலம் முழுவதும் மைக்கல் வந்ததில்லை. ஓய்வு பெற்று வீடு சத்தமில்லாமல் ஆன பிறகுதான் வரத் தொடங்கினான். முதலில் மணம் வரும். ஐஸ் கட்டி மூடி வைக்கும் ஈர மரத்தூளின் மணம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து நேரே வகுப்புக்கு வருபவன் அவன். பிறகு கட்டம் போட்ட சட்டையும், தலைமயிரில் ஒட்டிய தூளும் தெரியும். வயது அன்றைக்கிருந்த அதே வயது. ஒன்றும் பேசமாட்டான். கேள்வி இருக்கிறது என்று காட்ட ஒற்றை விரலை உயர்த்தியபடி நிற்பான்.

அந்தக் கேள்வி இரத்தினசிங்கத்துக்குத் தெரியும். எண்பத்தாறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் நடக்கும் ஒரு டியூட்டரியின் பின்னறையில், அவருடைய சின்ன இடதுசாரிக் குழு பின்னேர வகுப்பு நடத்தியது. அவர்தான் படிப்பிப்பவர். அமெரிக்காவில் நடிகராக இருந்தவர் இரண்டாந்தடவையும் வென்று ஜனாதிபதியாக இருந்த காலம். மைக்கல் விரலை உயர்த்தி, "தோழர், அங்கத்தைத் தொழிலாளி ஏன் தன்ர முதலாளியின்ர ஆளுக்கே வோட்டுப் போடுறான்?" என்று கேட்டான். நல்ல கேள்வி என்று சொல்லி இவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். அப்போது ஆயுதம் வைத்திருந்த இரண்டு இயக்கத்து இளைஞர்கள் வாசலில் வந்து நின்று மைக்கலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மைக்கல் எழுதிக்கொண்டிருந்த கொப்பியைத் தான் இருந்த வாங்கில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்தது நீங்கள்தான் என்று தோழர்கள் அன்றிரவே சொன்னதால் இரத்தினசிங்கம் விடியுமுன் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார். பிறகு ஜெர்மனி, பிறகு டென்மார்க். மைக்கலை அன்றைக்கே முடித்துவிட்டார்கள் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

சென்ற அமெரிக்கத் தேர்தல் நெருங்கிய இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை, அவர் வகுப்பில் தொழிலாளர்களின் வோட்டைப் பற்றிப் பேசினார். ஆலை மூடிய ஊர்களில் சங்கத்தின் மண்டபமும் மூடிவிடும், அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்ட யாரும் வருவதில்லை, கடைசியில் யார் வந்து அவனுடைய கோபத்தைக் கேட்கிறானோ அவனுக்கு வோட்டு விழும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். இடையில் கதவடியைப் பார்த்து, "பொறும் மைக்கல், அதுக்குத்தான் வாறன்," என்றார்.

அறையில் மைக்கல் என்று யாருமில்லை. ஒருவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். தான் அப்படிச் சொன்னது இரத்தினசிங்கத்துக்கே தெரியாது. வழக்கம்போலப் பதிவை இணையத்தில் போட்டுவிட்டார்.

சில நாட்களில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. ஒடென்சே நகரில் இருந்து கதைப்பதாக ஒரு பெண் சொன்னாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, பெயர் விக்ரோரியா.

"அண்ணை, நீங்கள் டியூட்டரியில வகுப்பெடுத்த சிங்கம் மாஸ்ரரோ?" என்று கேட்டாள்.

அந்தப் பெயரை அவர் டென்மார்க்கில் கேட்டதேயில்லை. ஓம் என்றார்.

"நான் மைக்கலின்ர தங்கச்சி. உங்கட பேச்சில நீங்கள் அவனைக் கூப்பிட்டதை நாலைஞ்சு தரம் போட்டுக் கேட்டனான். அவன் உங்களோடயோ இருக்கிறான்?"

வாய் தவறி வந்த சொல் என்று ஏதோ சொன்னார். விக்ரோரியா அதை நம்பவில்லை, கோபிக்கவுமில்லை. முகவரியைச் சொல்லி, வந்து ஒருதரம் பாருங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவருடைய மனைவி புஷ்பராணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை. நித்திரையில் அவர் அந்தப் பெயரைச் சொல்வதை எத்தனையோ வருடமாகக் கேட்டிருந்தாள். இன்னொரு பெண்ணின் பெயராக இல்லாதபடியால் விட்டுவிட்டேன் என்று பிறகொருநாள் சொன்னாள்.

"கலியாணம் கட்டின நாளில இருந்து அமெரிக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறன். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை நான் கார் ஓடுறன். போவம்."

விக்ரோரியாவின் வீடு ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடியில் இருந்தது. நரை விழுந்த மெல்லிய பெண். மைக்கலின் அகன்ற நெற்றி அவளுக்கும் இருந்ததால் இரத்தினசிங்கத்துக்கு அவளை நேரே பார்ப்பது கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணி வைத்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். அவர் சொன்னார். கேள்வியையும் சொன்னார். அவனைக் கொண்டுபோன அன்றே கொன்றிருப்பார்கள், அவனுக்கு வேதனை நீண்டிருக்காது என்று ஆறுதலாகச் சொல்லி முடித்தார்.

விக்ரோரியா தலையை ஆட்டி இல்லையென்றாள்.

"அண்டைக்கு இல்லை அண்ணை. அடுத்த நாள் மத்தியானம் விட்டவங்கள். வீட்டை வந்தவன்."

இரத்தினசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். அவன் வந்து குளித்தான். முதுகில் இருந்த அடிகாயத்தைத் தாய்க்குக் காட்டாமல் சட்டை போட்டான். மீன்குழம்போடு சோறு தின்றான், கொஞ்சம் படுத்தான். பின்னேரம் எழும்பி வெளிக்கிட்டான். போகாதே என்று அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளுடைய தலையில் குட்டிவிட்டுச் சிரித்தான்.

"'சிங்கம் மாஸ்ரரிட்ட ஒரு கேள்வி கேட்டனான், மறுமொழியை வாங்கிக்கொண்டு வாறன்' எண்டு சொன்னவன். உங்கட வீடு பூட்டிக் கிடந்ததாம். வாசல்ல கன நேரம் நிண்டவன் எண்டு முன்வீட்டு மனிசி சொன்னவ. திரும்பி வரேக்க ஒழுங்கையில மறிச்சு வானில ஏத்தினவங்கள். அவ்வளவுதான், பிறகு ஆளைக் காணேல்லை."

பூட்டிய அந்த வாசலை இரத்தினசிங்கம் நினைத்தார். பச்சைத் தகரப் படலை. அதன் முன்னால் குளித்துத் தலை வாரி நிற்கும் ஒருவன். அவன் அங்கே நின்ற நேரம் தான் கடலுக்கு அப்பால் ராமேஸ்வரத்தில் ஒரு மடத்துத் திண்ணையில் படுத்திருந்ததை நினைத்தார். அவருக்கு அழுகை வரவில்லை. புஷ்பராணி அவருடைய கைகளைப் பிடித்து மேசையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவன் எப்பவும் கதவடியிலதான்," என்றாள் விக்ரோரியா. "வேலையால வந்து கதவைத் திறக்கேக்க, நான் மறிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரியும், அவன் உள்ளுக்கு நிண்டு வெளிய போகக் கேக்கிற மாதிரியும் இருக்கும்."

அவர்களுடைய தாய் குருநகரில் சாகும்வரை மகனுடைய ஆன்மாவுக்கு இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லையாம். செத்ததைக் கண்ட ஆள் வரட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று சொன்னாராம். இனி யாரும் வரப்போவதில்லை என்று தனக்கு இன்றைக்குத்தான் விளங்குகிறது என்றாள் விக்ரோரியா. நவம்பரில் மரித்தோர் திருநாளையொட்டிப் பூசை கொடுக்கப் போவதாகவும், அவர் வரவேண்டும் என்றும் கேட்டாள். கோவிலுக்கே போகாத மனிதர் ஓம் என்றார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவர் அமெரிக்காவைத் தொடவில்லை. எண்பத்தாறாம் ஆண்டைப் பற்றிப் பேசினார். மைக்கலின் பெயரைச் சொன்னார். அவனைக் கூப்பிட்டுக் கொண்டுபோனவர்கள் எங்களுடைய பிள்ளைகள்தான் என்றும் சொன்னார். ஒருவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள் கடைசிவரை இருந்து கேட்டார்கள். வகுப்பு முடிந்த பிறகு, ஆலையில் பல வருடம் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற கந்தையா கிட்ட வந்தார். தன்னுடைய மைத்துனனையும் அந்த வருடம்தான் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். இவ்வளவு காலம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருவரும் அதைக் கதைத்ததில்லை.

அன்றைக்குக் கதவடியில் யாரும் நிற்கவில்லை. வரும் என்று அவர் காத்திருந்த மணமும் வரவில்லை. அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தவருக்குப் பயம்தான் வந்தது. தான் வாசலில் நின்று தட்ட, அந்தப் பக்கம் யாருமில்லாதது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு, தொலைக்காட்சியைப் போட்டார். அதில் அமெரிக்கத் தேர்தல் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை நாளில் அவர் ஒடென்சேயில் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றார். எப்போது இருப்பது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துச் செய்தார். குருவானவர் மரித்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். "சவிரிமுத்து மைக்கல்" என்று வந்தபோது முன்வரிசையில் விக்ரோரியாவின் தோள்கள் ஒருதரம் குலுங்கி நின்றன. பெயர் வாசிக்கப்பட்டதும் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதானா என்று இரத்தினசிங்கத்துக்கு இருந்தது.

பிறகு மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். அவருடைய பேச்சுகளைக் கேட்பவர் ஒருவர் அடையாளம் கண்டு கிட்ட வந்து, செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் யார் வெல்வார் என்று கேட்டார். தெரியாது என்றார் இரத்தினசிங்கம். அந்த மனிதர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

திரும்பி வரும்போதும் புஷ்பராணிதான் கார் ஓடினாள். தங்கள் ஊர் இருக்கும் யூலாந்துக்குப் போகும் பாலத்தில் வைத்து, அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று கேட்டாள்.

"சரியான வாய்க்காரன்," என்றார். "பாட்டுப் பாடத் தெரியாது, ஆனாப் பாடுவான். ஒருக்கா வகுப்புக்கு ஒரு ஐஸ் கட்டியைச் சாக்கில சுத்திக் கொண்டு வந்தவன், எங்களுக்குச் சர்பத் கரைக்க..."

வைலே நகரைத் தாண்டும்போது மழை பிடித்தது. புஷ்பராணி வேகத்தைக் குறைத்து ஓடினாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.