சட்டைப்பையில் கிடந்த பூட்டுக்குழல்

கடலை நோக்கிச் சோம்பி ஊர்ந்து வரும் ஆறு தன் கடைசி வளைவில் சற்றே அகன்று நிற்குமிடத்தில், இருகரைகளிலும் தகரக் கூரைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்க, அவற்றின் இடுக்குகளினின்று புகையும் ஓசையும் காய்ந்த இரும்பின் மணமும் ஒன்றாய் எழுந்து, உச்சி வேளையின் வெயிலோடு கலந்து, அந்நகரத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் மங்கிய செம்பு நிறத்தில் ஆழ்த்தியிருந்தன. காற்று அறவே நின்றுவிட்டிருந்தது. ஆற்றின்மேல் பறந்து திரியும் பறவைகளும் எங்கோ நிழல் தேடி ஒதுங்கிவிட, நீர் அசைந்தும் அசையாமலும் கிடந்தது. பசித்தவர்கள் உணவுச் சங்கொலிக்காகக் காத்திருக்கும் வேளை அது.

அன்புடையீர், அப்பட்டறைகளுள் பெரியதொன்றினுள் என்னோடு நுழையுங்கள்; ஆனால் நுழையுமுன் அண்ணாந்து பாருங்கள். அங்கே பணி செய்வோர் எவரும் கால் வைக்கும் இடத்தை முதலில் பார்ப்பதில்லை, தலைக்கு மேலேதான் பார்ப்பர். கூரையின் நீளம் முழுதும் ஓடும் தண்டின்மேல் பளுதூக்கி ஊர்ந்து செல்ல, அதனின்று ஒரு சங்கிலி தொங்க, சங்கிலியின் முனையில் ஆளின் தொடையளவு தடித்த கொக்கி ஒன்று வளைந்து நிற்கும். அன்று அக்கொக்கியில் அறுபது பேர் கூடி முக்கினாலும் அசையாத பெரும் பல்சக்கரமொன்று, தன் அச்சுத்தண்டோடு, தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஆளுயரக் குழி. குழிக்குள் ஓர் ஆள்.

இவ்வளவு பளுவையும் கொக்கியோடும் சங்கிலியோடும் பிணைத்து வைப்பது எது என்று கேட்பீராயின், சொல்லவே கூச்சமாயிருக்கும் அளவுக்கு அது சிறியது. சங்கிலியின் கடைசிக் கண்ணியையும் கொக்கியின் காதையும் இணைப்பது, இரண்டு பாதிகளாய்ப் பிளந்து நிற்கும் ஓர் இணைப்புக் கண்ணி. அப்பாதிகளை ஒன்றோடொன்று கோத்து, நடுவிலுள்ள இடைவெளியில் கட்டைவிரல் நுனியளவான பூட்டுக்குழல் ஒன்றைப் பொருத்தி, அதனூடே எஃகு முளையை அடித்து இறக்குவர். முளையை நழுவவிடாமல் கவ்விக்கொள்வது அக்குழலே. நான் அதனைப் பூட்டுக்குழல் என்கிறேன். பட்டறையார் ‘புஷ்’ என்பர். எப்பெயரிட்டு அழைத்தாலும் அது தன் வேலையை ஒழுங்காகவே செய்யும். அது இல்லாமலும் முளை இறங்கும். இறங்கி, இறுகியதுபோலவே நிற்கும். ஆனால் பளு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், விருந்துக்கு வந்தவன் விடைபெறாமல் வாசலை நோக்கி நகர்வதுபோல, மயிரிழை மயிரிழையாய் வெளியே வந்துகொண்டிருக்கும்.

இதனை அறிந்தே அப்பட்டறையார் ஒரு வழக்கத்தை வகுத்திருந்தனர். பளுவுக்குக் கீழே நிற்கப்போகிறவன் எவனோ, அவனே பூட்டுக்குழலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி வந்து, கொக்கி பூட்டுபவரின் நீட்டிய கையில் வைக்கவேண்டும். பூட்டியவர் ‘பூட்டியாச்சு’ என்று சொல்லவேண்டும். கீழே நிற்பவன் கிட்ட வந்து, இணைப்பின் இடைவெளியில் கட்டைவிரலை அழுத்தி, குழல் இருப்பதைத் தடவிப் பார்த்து, ‘பார்த்தாச்சு’ என்று சொல்லவேண்டும். இவ்விரு சொற்களும் காதில் விழுந்த பின்னரே, பளுதூக்கியை இயக்க மேடைமேல் நிற்பவர் பொத்தானைத் தொடுவார். எழுதிவைத்த விதியன்று இது. எழுதிவைத்த விதிகள் சுவரில் தொங்கின, அவற்றை எவரும் படித்ததில்லை.

கொக்கி பூட்டுபவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாய் ஒரு பளுவையும் நழுவவிடாத கை அவருடையது; அதனால் எல்லாரும் அவரைச் சங்கிலியார் என்றே அழைத்தனர். குழியில் நின்றவன் அவர் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே வண்டியில் வந்து, ஒன்பது ஆண்டுகளாய் ஒரே சங்கிலியின் மேலும் கீழுமாய்ப் பணி செய்தவர்கள். சங்கிலியார் கை நீட்டுவார், திரும்பிப் பாரார்; குழல் கையில் வந்து விழும். அக்கைகள் இரண்டும் ஓருடம்பின் கைகளோ என்று பிறர் கேலி பேசும் அளவுக்கு அது பழகிப் போயிருந்தது.

பதினொரு நாட்களுக்கு முன்பு பட்டறைத் தலைவர், மைத்துனனை இரண்டாம் கொக்கி பூட்டுபவனாக உயர்த்தலாமா என்று சங்கிலியாரைக் கேட்டார். சங்கிலியார் சற்றே எண்ணிப் பார்த்து, “கை நல்ல கைதான். ஆனா அவசரம் ஜாஸ்தி. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்றார். உண்மையையே சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வுண்மையை முதலில் மைத்துனனிடம் சொல்லியிருக்கலாமே என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அது வேறு வாய்களின் வழியே சுற்றி, காதும் மூக்கும் ஒட்டவைக்கப்பட்டு, மாலைக்குள் மைத்துனனை அடைந்தது. அன்றிரவே அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போனான். ஒருவன் பேசவில்லை என்பதற்காக மற்றவரும் பேசவில்லை. வளர்ந்த ஆண்கள் இருவர் முகம் தூக்கிக்கொண்டு திரியும் வீட்டில் வாழ்வதைவிடக் கடுமையான பணி இவ்வுலகில் உண்டோ என்று நான் அறியேன். அப்பணி முழுவதும் நடுவிலிருந்த அக்காளின் தலையில் விழுந்தது. “உப்பு வேணுமான்னு உங்க மச்சினனைக் கேளுங்க” என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். உப்பில்லாமலே இருவரும் உண்டு எழுந்தனர்.

பட்டறையில் அத்தூதுப்பணி மேடைமேல் நின்று பொத்தான் அழுத்துபவருக்கு வந்து சேர்ந்தது. உயரத்திலேயே நாளைக் கழிப்பதால் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் இவ்வேடிக்கையை அவர் சற்றே விரும்பினார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அன்று காலை பழைய கொக்கியைக் கழற்றிப் புதியதைப் பூட்டவேண்டியிருந்தது. குழலை ஏந்திக்கொண்டு எவரும் தம்மிடம் வரப்போவதில்லை என்று அறிந்த சங்கிலியார், பெட்டியிலிருந்து தாமே ஒன்றை எடுத்து, கைகள் இரண்டும் வேலைக்கு வேண்டுமென்பதால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாதிகளைக் கோத்தார். கை தானாக நீண்டது. ஒன்பது ஆண்டுப் பழக்கம் ஒரு கணம் வெறுங்காற்றில் நின்றது. நீண்ட கையைக் கண்டு மேல்வீட்டுக்காரர் நகைத்துவிடுவாரோ என்று நாணி, சட்டென மடக்கிக்கொண்டு, மடக்கிய கையாலேயே முளையை எடுத்து, சுத்தியலால் நான்கடி அடித்து இறக்கினார். முளை இறுகி நின்றது. இறுகியது போலவே நின்றது.

“பூட்டியாச்சுன்னு சொல்லுங்க” என்றார், சுவரைப் பார்த்தவாறு.

மேல்வீட்டுக்காரர் குனிந்து, “பூட்டியாச்சாம் தம்பி. வந்து பாரு” என்றார்.

எண்ணெய்க் கலயத்தைக் கிளறிக்கொண்டிருந்த மைத்துனன் தலை நிமிரவில்லை. “தப்பே பண்ணாத கையாச்சே அது. அதைப் போய் இந்த அவசரக்காரன் என்னத்தைப் பார்க்கறது. பார்த்தாச்சுன்னு சொல்லிடுங்க.”

“பார்த்தாச்சாம்” என்றார் மேல்வீட்டுக்காரர், வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. இரு சொற்களும் அவர் காதில் விழுந்துவிட்டன அல்லவா? பொத்தானைத் தொட்டார்.

காலை முழுவதும் சங்கிலி ஏறிற்று, இறங்கிற்று. சிறு பளுக்கள் ஐந்து ஒழுங்காய் இடம் மாறின. ஒவ்வொரு முறையும் முளை தன் மயிரிழைத் தொலைவை நடந்துகொண்டிருந்தது. அதனைக் கண்டவர் எவருமிலர். உச்சி வேளைக்குச் சற்று முன்பு பல்சக்கரம் தூக்கப்பட்டுக் குழிக்கு நேராக நிறுத்தப்பட்டது. அச்சு அமரும் இடத்தைத் துடைத்து எண்ணெய் தடவ மைத்துனன் குழிக்குள் இறங்கினான். பளுவைத் தொங்கவிட்டு அதன்கீழ் இறங்குதல் கூடாது என்பதும் அச்சுவரில் எழுதித்தான் இருந்தது.

சங்கிலியார் கை கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போனார். முகத்தைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து துணியை இழுத்தார். துணியோடு ஏதோ வந்து, கல்தரையில் விழுந்து, ‘டிங்’ என்று ஒலித்து, இரண்டு முறை உருண்டு, அவர் செருப்பின் முனையில் வந்து நின்றது.

குனிந்து எடுத்தார். அது என்னவென்று விரல்கள் அறிந்துகொண்ட பின்னும் கண்கள் ஒப்புக்கொள்ள மறுத்தன. பிறகு ஓடினார். ஐம்பதை நெருங்கிய மனிதர் அவ்வாறு ஓடி அங்கே எவரும் கண்டதில்லை. குழியின் விளிம்பிலிருந்து பத்தடி தொலைவில் நின்று அண்ணாந்தார். இணைப்பின் ஒருபக்கம் முளையின் தலை, சுண்டுவிரல் நகத்தளவு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டையினூடே இறங்கிய வெயில் பட்டு அது பளிச்சிட்டது.

ஐயா, அவ்வேளையிலும் பதினொரு நாள் பழகிய வழியிலேதான் சொல் போயிற்று. “அசைக்காதீங்க. எதையும் தொடாதீங்க” என்று மேடையை நோக்கிச் சொன்னவர், “அவனை மேல வரச் சொல்லுங்க” என்றார்.

மேல்வீட்டுக்காரர், பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, குழியை நோக்கி, “உன்னை மேல வரச் சொல்றாரு” என்றார்.

“எதுக்குன்னு கேளுங்க. இன்னும் பாதிகூட தடவல.”

“எதுக்காம்?” என்றார் மேல்வீட்டுக்காரர்.

இவ்விடத்தில்தான், படிப்பவரே, நான் இக்கதையை நிறுத்திவைக்க விரும்புகிறேன்; நிறுத்திவைக்க முடியாதென்பதே என் துயரம். ஏனெனில் மறுமொழி அவர் கையிலேயே இருந்தது. சொல்லவேண்டியது இரண்டே சொல். ஆனால் அச்சொற்களைச் சொன்னால், இருபத்து நான்கு ஆண்டுகளில் தவறியதில்லை என்ற கை தவறியது என்பதை, அவசரக்காரன் என்று அவர் யாரைச் சொன்னாரோ அவன் எதிரிலேயே, பட்டறை முழுதும் கேட்க, சொல்லவேண்டியிருந்தது. வாய் திறந்தது. சொல் எழவில்லை. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் அளவுதான். அதற்குமேல் ஒரு நொடியும் இல்லை.

பிறகு அவர் மேடையைப் பாராமல் குழியையே பார்த்துச் சொன்னார். “மாப்ளே, புஷ் போடல. தப்பு என்னுது. வந்துடுடா.”

பதினொரு நாட்களுக்குப் பின் ‘மாப்ளே’ என்ற சொல்லைக் கேட்டவன் வேறெதுவும் கேட்கவில்லை. கலயத்தைப் போட்டான், ஏணியில் பாய்ந்தான், விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி மார்பைத் தூக்கி, வலக்காலை வெளியே போட்டான். சங்கிலியார் பாய்ந்து அவன் தோள்களைப் பற்றி இழுத்தார். இடக்கால் இன்னும் கடைசிப் படியில் இருந்தது.

மேலே ஓர் ஓசை கேட்டது; பெரிய ஓசை அன்று, தாழ்ப்பாள் விலகுவது போன்ற சிற்றோசை. சங்கிலி சட்டென இலேசாகி மேலே துள்ளிற்று. பிறகு நிலம் அதிர்ந்தது. ஆற்றின் மறுகரையிலும் அது கேட்டதாகப் பின்னர் சொன்னார்கள். உணவுக்கான சங்கு அதன்பின் ஊதியது. அன்று எவரும் உணவுக்குப் போகவில்லை.

முழங்காலுக்குக் கீழே அவன் கால் போயிற்று. உயிர் நின்றது. சங்கிலியார்தான் கத்திக் காப்பாற்றினார் என்று பட்டறை பேசியது. மேல்வீட்டுக்காரர் மேடையை விட்டுக் கீழ்வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். எவரேனும் ‘அவர்கிட்ட சொல்லுங்க’ என்று தொடங்கினால், “நீங்களே போய்ச் சொல்லுங்க” என்று நகர்ந்துவிடுவார்.

மருத்துவமனையில் நான்காம் நாள், கட்டிலின் ஒருபுறம் சங்கிலியாரும் மறுபுறம் தம்பியின் தலைமாட்டில் அக்காளுமாய் அமர்ந்திருக்க, அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “வீட்டுல ஒருத்தி நடுவுல நின்னேன். அது போதாதா உங்களுக்கு? அங்கயும் நடுவுல ஆள் வெச்சுக்கிட்டீங்களா?” அவள் பாத்திரம் கழுவ எழுந்து போனாள்.

மைத்துனன்தான் முதலில் பேசினான். “பார்க்காமலே பார்த்தாச்சுன்னு சொன்னது நான் மாமா. நீங்க சொன்னது சரிதான். அவசரம்.”

சங்கிலியார் தலையைக் குனிந்துகொண்டார். நான்கு நாளாய் எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். “எதுக்குன்னு நீ கேட்டப்ப, உடனே சொல்லியிருந்தா கால் தப்பிச்சிருக்கும். சொல்ல வாய் வரல. உன் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு ஒரு நினைப்பு வந்துது. அதுதான்.”

மைத்துனன் போர்வையில் கால் இல்லாமல் தட்டையாய்க் கிடந்த பகுதியை நீவிவிட்டான்.

“தெரியும் மாமா” என்றான். “குழிக்குள்ள இருந்து உங்க முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.”

அவன் அதனைச் சினந்து சொல்லவில்லை, மன்னித்தும் சொல்லவில்லை. கண்டதைக் கண்டவாறே சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான். சங்கிலியார் எழுந்து ஊற்றிக் கொடுத்தார். அன்று முதல் அவர்கள் இருவரும் பேசாத நாளில்லை. உப்புக்கும் பேசினர், ஒன்றுமில்லாததற்கும் பேசினர்.

சங்கிலியார் இப்போதும் கொக்கி பூட்டுகிறார். கை நீளும், புதியவன் ஒருவன் குழலை வைப்பான், ‘பூட்டியாச்சு’ என்பார், அவன் கட்டைவிரல் இணைப்பில் படும்வரை கண்ணிமையாமல் நிற்பார். சங்கிலி மேலெழும்; பளு மேலெழும். அன்புடையீர், இரும்பு தன் சொல்லைக் காக்கும்; ஆனால் மாந்தர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் கடப்பாடு அதற்கு இல்லை. ஒவ்வொரு முறையும் பளு தரையை விட்டுப் பிரியும் அந்நொடியில் அவர் ஒரு மூச்சை உள்ளே இழுப்பார். இழுத்த அம்மூச்சின் நீளம் எவ்வளவென்பதை அவரன்றி, வீட்டில் ஒற்றைக் காலோடு அமர்ந்திருக்கும் இன்னொருவனும் அறிவான்.