அம்மா பக்கத்து பிரேக்

அம்மா எண்பத்தாறு வயது வரை சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கையில் இருந்த டீ ஆறுவதற்குள் போய்விட்டாள். அதற்கு அழுது தீர்த்தேன். ஆனால் போகிறபோது எனக்கென்று ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாளே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கற்றுக்கொடுத்த அதே திடலில், அவரவர் வண்டியோடு கூடி, அவள் நினைவாக ஒரு சுற்று வருவதாக ஏற்பாடு. முதலில் போக வேண்டியது அம்மாவின் பழைய கார். அதை நான்தான் ஓட்ட வேண்டுமாம்.

"நானா? பெரியம்மா, நான் ஸ்டியரிங்கைத் தொட்டே இருபத்தேழு வருஷம் ஆச்சு!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கம்மா உயிரோட இருக்கும்போதே என்கிட்ட சொல்லிவெச்சா, நான் சொல்லிட்டேன்" என்றார் பேக்கரிப் பெரியம்மா. அம்மாவின் முதல் மாணவி அவர்தான். ரொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தவரை வேன் ஓட்ட வைத்தவள் அம்மா. அதிலிருந்து ஐம்பது வருடம் இருவரும் பிரிந்ததில்லை, சண்டை போடாத வாரமும் இல்லை.

அப்பா இறந்தபோது எனக்கு வயது ஏழு. அவர் விட்டுப்போனது ஒரு ஓட்டைக் கார். அதை வைத்துத்தான் அம்மா டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தாள், பெண்களுக்கு மட்டும். "ரோட்டைப் பார்த்து ஏண்டி நடுங்கறே? அது என்ன உன் மாமியாரா?" என்பாள். அழுதுகொண்டே ஏறுகிறவள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்குவாள். ஒருமுறை நடுரோட்டில் வண்டி நின்றுபோனதற்கு ஒரு டிராபிக் போலீஸ்காரர் கத்தினார். அம்மாவும் விடவில்லை. அடுத்த மாதம் அந்தப் போலீஸ்காரரின் மனைவியே எங்களிடம் வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயதில் அம்மா நீச்சல் கற்றுக்கொண்டாள். அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். இப்படியும் ஒரு பெண்பிள்ளை வாழமுடியுமா என்று கூடவே இருந்து பார்த்த எனக்கே இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அவள் எனக்கு அம்மா மட்டுமா? வேறு சிநேகிதி எனக்குக் கிடையாது, தேவைப்படவும் இல்லை.

ஊரில் அவளுக்குப் பெயர் 'பிரேக்கம்மா'. கற்றுக்கொடுக்கிற காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். ஸ்டியரிங் பிடித்தவள் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்துக்கொள்ளலாம். அம்மா அந்த மிதியைக் காட்டி, "நீ ஓட்டு. பிரேக் என்கிட்ட இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி ஓடும்போது அவளுடைய ஒரு கை, நடுவில் இருக்கும் கை பிரேக்கை விட்டு நகராது. தாகம் எடுத்தாலும் வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பாள்.

நானோ அந்த ஸ்கூலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தவள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

சும்மா ஒன்றும் விடவில்லை நான். முப்பது வயதில் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கிய பத்தாம் நாள், அதே ஸ்கூல் காரில் எங்கள் மெக்கானிக்கின் முதல் குழந்தையைப் பார்க்கப் போனோம். பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பின் சீட்டில் குழந்தைக்குச் சட்டைகள். நான் ஓட்டுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று ஒரு சந்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது, நட்டநடு ரோட்டில் குனிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு டயர் கிறீச்சிட்டதுதான் ஞாபகம். அவருக்கும் எங்கள் வண்டிக்கும் ஒரு முழ தூரம். ஆரஞ்சு தெறித்துப்போய் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நல்லவேளை, நீ மிதிச்சியேம்மா" என்றேன்.

"நான் எங்கடி மிதிச்சேன்? நீதான் மிதிச்சே."

"பொய் சொல்லாதே. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே."

"அடிப்பாவி, சத்தியமா நான் மிதிக்கலடி! ரெண்டு கையும் ஆரஞ்சுல இருந்துச்சு!"

"கால் சும்மாதானே இருந்துச்சு?"

அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அம்மா இல்லாவிட்டால் ஒரு மனிதரைக் கொன்றிருப்பேன் என்ற எண்ணம் அன்றைக்கு என் நெஞ்சில் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. வருடத்துக்கு இரண்டு முறையாவது அம்மா, "நீதான்டி மிதிச்சே" என்பாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

இப்போது முதல் வண்டியை ஓட்டு என்றால் நான் எப்படி ஓட்டுவேன்? யோசித்து யோசித்துப் பெரியம்மாவிடம் ஒரு நிபந்தனை போட்டேன். பக்கத்து சீட்டில் அவர் உட்கார வேண்டும். அம்மாவின் பிரேக் சரியாக வேலை செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நான் வரமாட்டேன்.

வியாழக்கிழமை மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். வண்டி ஏற்கெனவே அங்கேதான் நின்றது. "தம்பி, அந்தப் பக்கத்து பிரேக்கை நல்லா பார்த்துடு" என்றேன்.

அவர் வண்டிக்கு அடியில் போகக்கூட இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அதுல பார்க்க என்னக்கா இருக்கு? அது பொம்மை. மிதிச்சா சும்மா போய்ட்டு வரும். கம்பி எப்பவோ அறுந்துபோச்சு."

"எப்போ?"

"என் பெரியவ பிறந்த அன்னைக்குக்கா. கம்பி அறுந்துடுச்சுன்னு அம்மா வண்டியைக் கொண்டு வந்தாங்க. அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். 'போய்யா, குழந்தையைப் பாரு. கம்பி எங்க ஓடிப் போயிடப் போகுது'ன்னு அவங்கதான் விரட்டினாங்க. அப்புறம் அந்தச் சாமானும் கிடைக்கல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு வேண்டாம்னுட்டாங்க. 'மிதியைப் பார்த்தாலே பிள்ளைங்களுக்குத் தைரியம் வந்துடுது, அவசரத்துக்குக் கை பிரேக் இருக்கு, அதை மாசாமாசம் சரி பண்ணிக் குடு'ன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. 'அவளுக்கு ஓட்டை வாய், ஊருக்கே சொல்லிடுவா, அப்புறம் ஒருத்தியும் ஏறமாட்டா'ன்னாங்க."

அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் மகள் பிறந்த நாளில் கம்பி அறுந்தது. நாங்கள் அவளைப் பார்க்கப் போனது அதற்கு ஒரு மாதம் கழித்து. அம்மாவின் காலடியில் அன்றைக்கு பிரேக்கே இல்லை. கை பிரேக்கில் அவள் கையும் இல்லை. அந்தப் பெரியவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தியது நான். நானேதான்.

கோபம் வந்தது பாருங்கள், சாதாரணக் கோபம் இல்லை. கம்பி அறுந்த கதையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபத்தேழு வருடம் எனக்கு மிஞ்சியிருக்குமே! பிறகு அவள் பக்கமும் நினைத்துப் பார்த்தேன். சத்தியம் பண்ணிச் சொன்னாளே, வருடா வருடம் சொன்னாளே. ஒரு பொய்யும் சொல்லவில்லை அவள். நம்பாதவள் நான்.

அப்புறம் அந்த ஆரஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை நூறு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள்? எவள் ஓட்டினாலும் கை பிரேக்கிலிருந்து கையை எடுக்காதவள். மிதி பொம்மை என்று தெரிந்தே, ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் எடுத்து அவள் பழம் உரித்தது ஒருத்தி ஓட்டும்போதுதான். அது நான் ஓட்டும்போது.

அந்த டயர் மேலேயே உட்கார்ந்து, மெக்கானிக் பயந்துபோகிற அளவுக்கு அழுதேன்.

"புதுக் கம்பி போட்டுடட்டுமாக்கா?" என்றார் அவர்.

"ஒண்ணும் வேண்டாம். என் பக்கத்து பிரேக்கை மட்டும் பாரு. பார்த்துட்டு சாவியைக் குடு."

வெள்ளியும் சனியும் திடலில் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். கால் எதையும் மறந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திடலில் ஐம்பது வண்டிக்குக் குறையாது. தையல்காரி, நர்ஸ், பள்ளிக்கூட ஆசிரியை, அந்தப் போலீஸ்காரரின் மனைவி, எல்லாரும் எனக்குப் பின்னால் வரிசையில். ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். பேக்கரிப் பெரியம்மா, சீட்டில் நான் வைத்திருந்த துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். காலால் துழாவி மிதியைக் கண்டுபிடித்து ஒருமுறை அழுத்தினார். அது சும்மா போய்ட்டு வந்தது.

"ஏண்டி, இது நல்லா பிடிக்குமா? எனக்கு என்னமோ உதறுது."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்னுடையதுதான் ஓட்டை வாயாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். கியரைப் போட்டு, வண்டியை நகர்த்தினேன்.

"பிரேக் என்கிட்ட இருக்கு, பெரியம்மா. அந்தப் பையில ரெண்டு ஆரஞ்சு போட்டிருக்கேன். நீங்க பாட்டுக்கு உரிங்க."